கேள்வியே எழவில்லை என்ற மூன்று சாட்சிகள்

நீதிமன்றங்களிலிருந்து வேத புத்தகங்களை எடுத்துவிட்டு, எல்லா மதத்தவருக்கும் பொதுவாக ஒரே உறுதியுரை வைத்தால் என்ன என்று இப்போது பேச்சு அடிபடுகிறதாம். உரைபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் போன மாதம் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். ஒருத்தி கேட்டாள்: "மிஸ், நீங்க இத்தன வருஷம் சாட்சிக்காரங்க கையில புத்தகத்த எடுத்துக் குடுத்தவங்க. புத்தகத்தத் தொட்டா மனுஷன் உண்மை பேசுவானா?"

நான் சிரித்தேன். அதைப் பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். ஊழியர் நலன்புரிச் சங்க மலருக்கு எழுதித் தர வேண்டுமாம். ஓய்வு பெற்றவர்களுக்கு வேலை இல்லை என்று இந்தப் பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள்.

மாத்தளை நீதவான் நீதிமன்றத்தில் நான் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். பழைய ஆட்கள் அந்த வேலைக்கு வைத்திருந்த பெயர் 'முதலியார்'. அதற்குப் பெண்பால் தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஆகவே நான் 'முதலியார் மிஸ்' ஆனேன். பரீட்சை எழுதினேன், தேறினேன், ஆறு மாதம் ஒரு மூத்த முதலியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அந்த மனிதர் எனக்குச் சொல்லித் தந்ததும் ஒரே ஒரு விஷயம். "சாட்சி 'நான்'னு சொன்னா நீயும் 'நான்'னு சொல்லணும். 'இவர் சொல்றார், அவர் சொல்றார்'னு ஆரம்பிச்சா அது கோள் மூட்டுறது. உரைபெயர்ப்பு இல்ல."

அன்று தொடக்கம் நான் மிளகு திருடியிருக்கிறேன். கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சியிருக்கிறேன். பெண்சாதியை விறகுக் கட்டையால் அடித்துவிட்டு, அவள் தானாக விழுந்தாள் என்று சாதித்திருக்கிறேன். எல்லாவற்றையும் தமிழில் கேட்டு, நல்ல சிங்களத்தில் 'நான்' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ரசம் வைத்திருக்கிறேன்.

சத்தியம் செய்விப்பதும் என் வேலைதான். எங்கள் நீதிமன்றத்தில் ஒரு மர அலுமாரி இருந்தது. பச்சைத் துணியில் சுற்றிய குர்ஆன் மேல் தட்டில் இருக்கும், பைபிள் கீழ்த் தட்டில். ஒருமுறை ஒரு கன்னியாஸ்திரி சாட்சி சொல்ல வந்து, எங்கள் வேதம் மட்டும் ஏன் கீழே என்று வருத்தப்பட்டார். இடம் மாற்றினோம். அடுத்த வாரம் வேறொருவர் வந்து வருத்தப்பட்டார். கடைசியில் நீதிமன்ற ஆராச்சி, அதாவது வாசலில் நின்று பெயர் கூவி ஆட்களை அழைக்கும் மனிதர், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நடுவில் பசைப் போத்தல் ஒன்றை நிறுத்தினார். நான் அறிந்தவரை இந்த நாட்டில் எடுபட்ட ஒரே சமாதான ஒப்பந்தம் அதுதான்.

பௌத்தர்களுக்கும் எங்கள் இந்து ஆட்களுக்கும் புத்தகம் கிடையாது. வாயால் உறுதி சொன்னால் போதும். அதில் ஒரு பெரியவருக்குத் திருப்தி இல்லை. கராம்புத் தோட்டமொன்றில் காவல்காரராக இருந்தவர். களவு வழக்கில் கூண்டில் ஏறி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மிஸ், இங்க என்னத்த வேணும்னாலும் சொல்லிரலாம். அம்மன் கோயில் வாசல்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க, அப்ப ஏலாது." அவர் சொன்னதைச் சொன்னபடி நான் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். எனக்கு மட்டும் கேட்கச் சொன்னால் நான் கேட்கலாம், முதலியாருக்கு அந்தச் சலுகை இல்லை. நீதவான் அவரைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்.

அந்த நீதவானைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். காலி பக்கத்து மனிதர். ஒருவரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. சாட்சியத்தைத் தன் கையாலேயே எழுதுவார். சாட்சி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், நான் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அவர் எழுதி முடித்து "ஹரி", அதாவது சரி, என்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த வாக்கியம். சாட்சி விஷயத்தை விட்டு வெளியே போனால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். தடுக்க மாட்டார், முகம் கூடச் சுளிக்க மாட்டார். பேனா கீழே கிடக்கும்வரை சாட்சி சொல்வதெல்லாம் கூரை விசிறிக்குத்தான் என்று எங்களுக்குத் தெரியும். பழகிய சட்டத்தரணிகளின் கண்கள் அவர் முகத்தில் இருக்காது, பேனாவில் இருக்கும். பொய்யை அவர் ரசித்துக் கேட்பார். பொய் சொல்கிறவன் தன்னைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறான் என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி வழக்கு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். நாவுலைப் பக்கம் மின்சார டிரான்ஸ்போமர் ஒன்றை யாரோ ஒரு சாயங்காலம் உடைத்துவிட்டார்கள். குடித்துவிட்டு எவனாவது கல்லெறிந்தாலும் அதற்குப் பின்னால் பெரிய சதி இருக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. மறுநாள் காலை மாத்தளை பஸ் நிலையத்தில் யோகநாதன் என்ற இளைஞனைப் பொலிஸ் பிடித்தது. உக்குவளைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துப் பையன். தமிழன், இருபத்திரண்டு வயது, கையில் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்திருந்தான், இன்னும் வரவில்லை. அந்தக் காலத்தில் இவ்வளவு தகுதிகள் ஒரே ஆளிடம் அமைவது பொலிசாருக்குப் பெரிய வசதி. டிரான்ஸ்போமரை உடைத்துவிட்டு ஓடிப்போனதைத் தான் கண்ட ஆளைப் போலவே இவன் இருப்பதாக ஒரு கான்ஸ்டபிள் அடையாளமும் காட்டினார்.

நாலு மாதம் விளக்கமறியல் சிறையில் கிடந்தான். நீதவான்தான் வழக்கை விரைவாக எடுத்தார். இங்கே குற்றவாளி என்று தீர்ந்தால் அதோடு முடியாது, விசாரிக்க என்று சொல்லி வேறு ஆட்கள் வந்து வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படிப் போனவர்களில் சிலரின் தாய்மார் வருடக்கணக்கில் எங்கள் வராந்தாவுக்கு வந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். யோகநாதனின் அம்மா பார்வதியும் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் வந்து அதே வராந்தாவில் உட்காருவாள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். உட்காரும்மா என்றாலும் உட்கார மாட்டாள்.

பையனின் வாதம் எளிமையானது. டிரான்ஸ்போமர் உடைந்த நேரத்தில் அவன் உக்குவளை வாசகசாலை மண்டபத்தில் ஒரு விவாதம் கேட்டுக்கொண்டிருந்தான். அங்கிருந்து நாவுலைக்குப் போவதென்றால் மாத்தளைக்கு வந்து பஸ் மாற வேண்டும், அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை. அதுமட்டுமில்லை, கூட்டத்தின் கடைசியில் எழுந்து கேள்வி கேட்டதே அவன்தான். அவனோடு போன தோட்டத்துப் பையன்கள் சாட்சி சொல்ல வரவில்லை. வந்தால் தாங்களும் திரும்பிப் போவோமா என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆகவே அவனுடைய சட்டத்தரணி, மேடையில் இருந்த மூன்று பேச்சாளர்களுக்கும் அழைப்பாணை அனுப்பினார். ஊரில் மதிப்புள்ளவர்கள், எதிரெதிரான கொள்கைக்காரர்கள், பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும் என்று அவர் நினைத்தார். பாவம், இளம் வயது.

விவாதத்தின் தலைப்பு: பின்னால் வந்த வேதம் முன்னால் வந்த வேதத்தைத் திருத்துகிறதா? ஊரில் மாவுக்கு வரிசை, சந்திக்குச் சந்தி சோதனை, எப்போது எங்கே வெடிக்கும் என்று தெரியாது. அந்த நேரத்தில் இந்தச் சந்தேகம் தீராமல் மூன்று பேருக்கும் தூக்கம் வரவில்லை. மத நல்லிணக்கக் கூட்டம் என்று சொல்லி ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள்.

முதல் சாட்சி சலீம் ஹாஜியார், வாசனைத் திரவிய வியாபாரி. வீட்டிலேயே கைகால் முகம் கழுவி வுழூச் செய்துகொண்டு வந்ததாகச் சொல்லி, பச்சைத் துணியைத் தானே பிரித்து, முறையாகச் சத்தியம் செய்தார். பையன் கூட்டத்துக்கு வந்தானா என்று சட்டத்தரணி கேட்டார்.

"வந்திருப்பார். கன பேர் வந்தாங்க. எல்லாரும் எங்கட விளக்கத்தக் கேக்கத்தான் வந்தாங்க."

"கூண்டில் நிற்கும் இந்த எதிரியை நீங்கள் குறிப்பாகப் பார்த்தீர்களா?"

"மேடையில இருந்து எல்லார்ட முகத்தையும் பாக்க ஏலுமா? நான் விஷயத்தப் பேசவா, முகத்தப் பாக்கவா? முந்தின வேதங்களும் இறைவன்ட வேதம்தான். ஆனா மனுசன்ட கை பட்டிட்டு. அதத் திருத்தத்தான் கடசி வேதம் வந்தது. இத நான் ஆதாரத்தோட..."

பேனா கீழே இறங்கியது. ஆனால் நான் நிறுத்தக் கூடாது. தினமும் காலையில் விநாயகர் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வரும் நான், கடைசி வேதம் எதற்காக வந்தது என்று திறந்த நீதிமன்றத்தில் ஹாஜியாருக்குக் குறையாத உறுதியுடன் விளக்கினேன்.

"முடிவில் யாராவது கேள்வி கேட்டார்களா?"

"ஒரு கேள்வியும் இல்ல. எல்லாம் தெளிவா விளங்கிட்டு. சந்தோஷமா கலஞ்சி பெய்த்தாங்க."

சட்டத்தரணி இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். கேள்வி இல்லை. இல்லவே இல்லை.

அடுத்தவர் சவரிமுத்து உபதேசியார். வஹகோட்டையில் பெண் எடுத்தவர். அங்குள்ள கத்தோலிக்கக் கோயில் திருவிழாவில் தன் பிரசங்கம் இல்லாமல் கொடி ஏறாது என்பது அவருடைய நம்பிக்கை, கொடியின் கருத்து எனக்குத் தெரியாது. பைபிளைக் கொடுத்தேன். கையை வைப்பதற்கு முன்னால் புரட்டிப் பார்த்தார்.

"மிஸ், இது எங்கட கத்தோலிக்க வேதாகமம் இல்ல. இதுல ஏழு புத்தகம் குறையுது."

சொன்னேன். நீதவான் பையனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: "இருக்கிற புத்தகங்களை வைத்து உண்மை சொல்ல முடியுமா, இல்லை அந்த ஏழும் வரும்வரை வழக்கைத் தள்ளிப்போடவா?" உபதேசியார் பெரிய மனது பண்ணி, இருக்கிறதில் கை வைத்தார்.

அவர் சாட்சியத்தில் நான் கத்தோலிக்கராக இருந்தேன். "புதிய ஏற்பாடு பழசத் திருத்தல்ல, நிறைவேத்துச்சு. எல்லாம் நிறைவேறினதுக்கு அப்புறம் இன்னொருத்தர் வந்து திருத்துறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? இதத்தான் நான் ஹாஜியார்கிட்ட கேட்டேன். அவரால முடியல." பேனா கீழேதான் கிடந்தது. பையனைப் பற்றி? கூட்டமாக இருந்தது, வெளிச்சம் கண்ணைக் கூசியது, ஆண்டவர் சாட்சியாக யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. கேள்வி? "கேள்வி எதுவும் எழும்பல. அந்த அளவுக்குப் பூரணமா விளங்கப்படுத்தினேன்."

மூன்றாமவர் தியாகராஜா மாஸ்டர். பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுக்கும் டியூட்டரி நடத்துகிறவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவருக்குப் புத்தகம் வேண்டாம், உறுதியுரை சொல்லலாம். ஆனால் சும்மா சொல்வாரா? எந்தப் புத்தகத்தையும் தான் ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். ஒரு புத்தகமும் நீட்டப்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன் என்றார் நீதவான். மாஸ்டர் செந்தமிழில்தான் பேசுவார். "எழுதியவர் தவறே விடாதவர் என்றால் திருத்தம் எதற்கு? திருத்தம் தேவைப்பட்டது என்றால் அவர் எப்படித் தவறு விடாதவர்? இந்த ஒரே கேள்வியில் இரு தரப்பும் அடங்கிவிட்டது." நானும் கடவுளைக் கைவிட்டு அதைச் சிங்களத்தில் சொன்னேன். வீட்டு விநாயகர் ஞாபகத்துக்கு வந்தார். வேலை அப்படி என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"சபையிலிருந்து கேள்வி வந்ததா?"

"இல்லை. என் தர்க்கத்துக்குப் பிறகு கேள்விக்கு இடமே இல்லை."

வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜன் குறுக்கு விசாரணை செய்யவே இல்லை. எதிரியின் சாட்சிகளே எதிரியைக் கவிழ்த்துக் கொடுக்கும்போது அவர் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? சட்டத்தரணியின் முகம் வெளுத்துவிட்டது. கூண்டில் நின்ற யோகநாதன், இவர்கள் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதைப் போல மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தர் 'நான் பார்த்தேன்' என்று சொல்லியிருந்தால் நானும் 'நான் பார்த்தேன்' என்று சொல்லியிருப்பேன். என் வாயால் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்த வாக்கியம் என் வேலைக்காலத்தில் வேறு இல்லை. ஆனால் சாட்சி சொல்லாததை முதலியார் சொல்ல முடியாது.

மதியச் சாப்பாட்டுக்கு நீதிமன்றம் கலைந்தது. திரும்பக் கூடியபோது தீர்ப்புக்குத் திகதி கொடுப்பார் என்று எல்லோரும் கோப்புகளை அடுக்கினோம். நீதவான் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஹாஜியாரைத் திரும்பவும் கூண்டுக்கு அழைக்கச் சொன்னார். நீதிமன்றம் தானாகவே ஒரு சாட்சியைத் திரும்ப அழைத்துக் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. மற்ற இருவரையும் வெளியே நிற்கச் சொன்னார்.

"ஹாஜியார், அந்த விவாதத்தில் வென்றது யார்?"

சார்ஜன் எழுந்து, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றார்.

"உட்காருங்கள் சார்ஜன். இவ்வளவு கேட்ட பிறகு முடிவு தெரியாமல் எனக்கும் தூக்கம் வராது."

நான் கேள்வியைத் தமிழில் சொன்னதுமே ஹாஜியார் முகம் மலர்ந்தது. காலையில் பேனா கீழே கிடந்ததை அவரும் கவனித்திருப்பார் போலிருக்கிறது. இப்போது பேனா நிமிர்ந்து அவருக்காகக் காத்திருந்தது.

"அதுல என்ன சந்தேகம்? அல்லாட கிருபையால எங்கட பக்கம்தான்."

"எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

"உபதேசியார் முழிச்சிக்கிட்டு நின்டாரே! வாயில ஒரு வார்த்த வரல்ல. மாஸ்டர் மைக்க வெச்சிட்டு தண்ணி குடிக்கப் பெய்த்தார். ஊரே பாத்துச்சி."

"எப்போது?"

"கடசியில. அந்தப் பொடியன் எழும்பிக் கேட்டப்போ."

நான் சொன்னேன். நீதவான் எழுதினார். எழுதி முடித்து "ஹரி" என்றார். ஹாஜியாருக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மேசையிலிருந்த பச்சைத் துணியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மனிதர் வீம்புக்காரர், ஆனால் பயபக்தி பொய்யில்லை.

"அந்தப் பொடியன் என்ன கேட்டார்?" நீதவானின் குரல் மாறவே இல்லை.

ஹாஜியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "பின்னாடி வந்தது முன்னாடி வந்தத திருத்திச்சின்னு வெச்சிக்குவோம், திருத்த முந்தி பழசயே நம்பி மவுத்தாகினவங்களுக்கு யார் போய்ச் சொன்னாங்க, அவங்கட கதி என்னன்னு கேட்டார்."

"கேட்டவர் இங்கே இருக்கிறாரா?"

எதிரிக் கூண்டில் நின்ற யோகநாதனைக் காட்டினார்.

"நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?"

"நேரம் பெய்த்திட்டுன்னு சொல்லி கூட்டத்த முடிச்சோம்."

உபதேசியாரிடமும் அதே கேள்வி. வென்றது யார்? அவர்தான். எப்படி? ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு மேலே பார்த்தார், மாஸ்டர் தண்ணீரைத் தேடி ஓடினார். எப்போது? தோட்டத்துப் பையன் ஒருவன் எழும்பி, "திருத்துறதுக்கு முந்தி செத்தவங்களுக்கு யாரு சொன்னது" என்று கேட்டபோது. அவன் யார்? அதோ நிற்கிறான். உபதேசியார் என்ன பதில் சொன்னார்? நேரமாகிவிட்டது என்று சொன்னார்.

மாஸ்டர் உள்ளே வந்தார். மத நம்பிக்கையாளர் இருவரும் வாயடைத்து நின்ற காட்சியை அவர் விவரித்த விதம் ஒரு நாடகம். அவனே கேட்டான், கூண்டில் நிற்பவனே தான், மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் என்று இடத்தைக் கூடச் சொன்னார். காலையில் யாரும் கேள்வி கேட்டதாக அவருக்கு நினைவில்லை. எதிர் அணிக்காரர் இருவர் தோற்றதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததும் தூண் வரைக்கும் நினைவு வந்துவிட்டது.

"அந்த இளைஞர் உங்களிடமும் ஏதாவது கேட்டாரா?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பக்கம் திரும்பி, 'ஒண்ணுமே இல்லேன்னு சொல்றீங்களே மாஸ்டர், அப்ப அவங்களுக்கு நியாயம் யாரு குடுக்கிறது' என்று கேட்டார்."

"உங்கள் பதில்?"

"நேரம் போதவில்லை."

வேதம் வேதத்தைத் திருத்துமா என்பதில் ஒரு வார்த்தை கூட ஒத்துப்போகாத மூன்று பேர், நேரம் போய்விட்டது என்பதில் மட்டும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனார்கள். தானும் பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் மறைக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரும் கேள்வியையும் விழுங்கினார், கேட்டவனையும் விழுங்கினார். மற்றவன் தோற்றதைச் சொல்லும் ஆசையில் இரண்டையும் கக்கினார். புத்தகம் சாதிக்காததைப் பொறாமை சாதித்தது. புது முதலியார் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான், மலரில் போடுவார்களா தெரியாது.

நீதவான் அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். விடுதலை. பேனாவை மூடி வைத்துவிட்டு யோகநாதனைப் பார்த்து, இது பதிவுக்கு இல்லை என்று சொல்லிக் கேட்டார்: "அந்தக் கேள்வியை ஏன் கேட்டாய்?"

அவன் சொன்னான்: "எங்கப்பா இந்தத் தோட்டத்துலயே பொறந்து இங்கயே செத்தாருங்க. அவருக்குப் பிரஜாவுரிமை இல்ல. அவரு போன பொறகுதான் சட்டத்த மாத்தி எங்களுக்கெல்லாம் குடுத்தாங்க. அவருக்கு அத யாரும் போயி சொல்லலீங்களே. அதான், சாமி விஷயத்துலயாச்சும் அதுக்கு ஒரு வழி இருக்குமான்னு கேட்டேன்."

'என் அப்பா' என்று நான் சிங்களத்தில் ஆரம்பித்தேன். என் அப்பாவும் மாத்தளையில் தேத்தண்ணிக் கடை போட்டு, எந்த நாட்டுக்காரர் என்று எந்தக் கடதாசியிலும் எழுதப்படாமலே செத்தவர். அத்தனை வருட வேலையில் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் குரல் உடைந்தது. நீதவான் என்னை அவசரப்படுத்தவில்லை. நான் முடித்ததும் எழுந்து உள்ளே போனார். "ஹரி" என்று சொல்லவில்லை.

சாயங்காலம் நான் வெளியே வந்தபோது வராந்தாவில் மூன்று பெரியவர்களும் யோகநாதனைச் சுற்றி நின்றார்கள். தாங்கள் காப்பாற்றிய பையன் அல்லவா? ஹாஜியார், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு தூதர் வந்தார், அவங்கட காலத்து வழியில நடந்தவங்களுக்குப் பிழை இல்ல என்று விளக்கத் தொடங்கியிருந்தார். கிறிஸ்து இறங்கிப் போய் முன்னோருக்கும் அறிவித்தார் என்று உபதேசியார் இடையில் புகுந்தார். செத்தவர்களைப் பற்றிய கேள்வியே தர்க்கத்துக்குப் பொருந்தாது என்று மாஸ்டர் ஆரம்பித்தார். அன்றைக்கு மைக்கின் முன்னால் வராத பதில்கள், சும்மா சொல்லக் கூடாது, இப்போது நன்றாகவே வந்தன. பையன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். நாலு மாதம் வெயில் படாத முகம்.

பார்வதி மகனின் கையைப் பிடித்திருந்தாள். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை, அப்போதும் சத்தம் போடவில்லை.

"ஹாஜியாரய்யா, இவனப் புடிச்ச மறுநாளே ஒங்க கடைக்கு வந்தேனுங்க. ஒங்க வீட்டுக்கும் வந்தேன் உபதேசியாரய்யா. மாஸ்டர், ஒங்க டியூட்டரி வாசல்ல பொழுதுக்கும் நின்னேன். எம்புள்ள அங்க இருந்தான்னு பொலிசுக்கு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கால்ல விழாத கொறையா கேட்டேன். மூணு பேருமே பாக்கலேன்னீங்க. இப்ப பதில் சொல்றீங்க. இவன் கேட்டது செத்தவங்களப் பத்திங்க. இவன் உசுரோடதான் இருந்தான்."

கண்டி ரோட்டில் உக்குவளை பஸ் வந்தது. அவள் மகனை முன்னால் ஏற்றிவிட்டு, பின்னால் தானும் ஏறினாள். பஸ் வளைவில் மறைந்த பிறகும் மூவரும் அதே இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் மற்றவரைப் பார்க்கவும் இல்லை.